பேய்க்கு என்ன படைப்பது?



நம் மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் சென்ற வாரம் ஒட்டிய தாளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "ஹாலோவீன் விருந்து: அச்சமூட்டும் உணவு வகைகளுக்கு யோசனைகள் வரவேற்கப்படுகின்றன" என்று எழுதி, கீழே இடம் விட்டிருந்தார்கள். இரண்டே நாளில் அந்த இடம் நிறைந்துவிட்டது. விரல் முறுக்கு, கண்விழி ரசகுல்லா, இரத்தச் சட்னி, சிலந்தி வடை, மண்டையோட்டு இட்லி என்று ஆளுக்கொன்றாக எழுதியிருந்தார்கள். நானும் பேனாவை எடுத்தேன். நான் சொல்ல வந்தது ஒரு வரியில் அடங்குவதாயில்லை. ஆகவே இதழாசிரியரிடம் இடம் கேட்டு இங்கே எழுதுகிறேன்.

மேனாட்டுப் பண்டிகை நமக்கெதற்கு என்று சினந்து எழுத வந்தேன் என எண்ணிவிட வேண்டா. அப்படிச் சொல்கிறவர்களில் பலர் ஒரு கையில் கேக்குத் துண்டை வைத்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். பார்க் ஸ்ட்ரீட்டில் கிறிஸ்துமஸ் விளக்கைப் பார்க்க ஊரே திரளும் நகரம் இது. விருந்து நடக்கட்டும், விளக்கையும் அணைப்போம். தட்டில் என்ன வைப்பது என்பதில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது.

சென்ற ஆண்டு உணவுக் குழுவில் நானும் ஒருவன். உண்மையைச் சொன்னால் பட்டியலில் பாதி என் மூளையில் உதித்ததுதான். முறுக்கு மாவை விரல் விரலாக உருட்டி, நுனியில் பாதாம் பருப்பை நகமாகப் பதித்துப் பொரித்தோம். ரசகுல்லாவின் நடுவில் கருந்திராட்சை வைத்துக் கண்விழி என்றோம். நூற்றுக்கு மேற்பட்ட இட்லிகளின்மேல் பீட்ரூட் சாற்றை ஊற்றி அவற்றுக்கு ஒரு பெயரும் சூட்டினோம். அந்தப் பெயர் இவ்விதழில் அச்சேறத் தக்கதன்று. பிறகு வங்காளி நண்பர்களை அழைத்து, அவர்கள் அலறப்போவதைப் பார்க்கக் காத்திருந்தோம்.

ஒருவரும் அலறவில்லை. என் ஆய்வுக்கூடத் தோழன் ஒருவன் கண்விழி ரசகுல்லாவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். திராட்சையை மட்டும் நோண்டி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, ரசகுல்லாவை வாயில் போட்டுக்கொண்டான். "ரசகுல்லாவுக்குள் திராட்சையா? பாவமில்லையா?" என்றான். 1868-இல் பாக்பஜாரில் நொபின் சந்திர தாஸின் கடையில் பிறந்தது என்று இவ்வூரார் பெருமை பேசும் பண்டமாயிற்றே அது! அவனுக்குத் தெரிந்த பயங்கரம் அது ஒன்றுதான்.

இதில் வியப்பென்ன? மீன்தலையை அரிசியோடு சேர்த்துச் சமைத்து, கண்ணைத் தேடி எடுத்துச் சுவைக்கும் ஊர் இது. கரியாஹாட் சந்தையில் அரிவாள்மணைமுன் அமர்ந்து உயிர்மீனை நறுக்கிக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டே விலை பேசுகிறவனை முறுக்கு விரலா அச்சுறுத்தும்? நாம் மட்டும் என்ன? ஆட்டு இரத்தப் பொரியலும் மூளை வறுவலும் குடல் குழம்பும் நமக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. இறைச்சி கண்ணும் காலும் நீங்கி, கண்ணாடித் தாளில் சுற்றப்பட்டு வீட்டுக்கு வரும் நாடுகளில் தட்டில் ஒரு விழி கிடந்தால் திடுக்கிடும். இங்கே அந்த வித்தை பலிக்காது.

அன்றைக்கு வேறொன்றும் நடந்தது. விருந்து முடிந்தபோது ஐம்பது இட்லிகளாவது அப்படியே கிடந்தன. பீட்ரூட் ஊறிப்போய்ப் பார்க்கவே சகிக்கவில்லை. விடுதியில் பாத்திரம் துலக்கும் மாஷி - நம் வழக்கில் சித்தி - "இதை எடுத்துக்கொள்ளட்டுமா, பாபா?" என்று கேட்டார். "எடுத்துக்கொள்ளுங்கள் மாஷி" என்றேன். சற்றுப் பொறுத்துக் கைகழுவப் போனேன். மாஷி குழாயடியில் குந்தி, ஒவ்வோர் இட்லியாகத் தண்ணீரில் காட்டிச் சிவப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவக் கழுவ இட்லி உதிர்ந்தது. உதிர்ந்ததையும் விரலால் திரட்டித் தூக்குப் பாத்திரத்தில் போட்டார். ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். "பேரன் சின்னப் பிள்ளை. இரத்தம் என்று பயந்து சாப்பிடமாட்டான்" என்றார்.

எங்கள் சமையலைக் கண்டு அஞ்சக்கூடிய ஒரே ஆள், நாங்கள் அழைக்காத அந்தப் பிள்ளை.

அதன்பிறகு பேய்க்கும் சோற்றுக்கும் உள்ள உறவு என்ன என்று கொஞ்சம் படித்தேன், கொஞ்சம் கேட்டேன். முதலில் கேட்டது மாஷியிடந்தான். காளி பூஜைக்கு முந்திய நாளை இங்கே பூத் சதுர்த்தசி என்கிறார்கள். அன்று காலையில் சந்தைக்குப் போனால் பதினான்கு வகைக் கீரைகளைக் கலந்து, பொடியாக அரிந்து கூறு கூறாக விற்பதைக் காணலாம். பகலில் அந்தக் கீரையைச் சமைத்து உண்பது; மாலையில் வீட்டின் இருண்ட மூலைகளில் பதினான்கு அகல் ஏற்றி வைப்பது. பதினான்கு தலைமுறை முன்னோர் அன்றிரவு வீடு தேடி வருவார்கள் என்பது நம்பிக்கை. பழைய கீரைப் பட்டியலை 16-ஆம் நூற்றாண்டு நவத்வீபத்து அறிஞர் ரகுநந்தனரின் பெயரால் வழங்குகிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு உள்ளம் துள்ளிற்று. சேனை, வேம்பு, கடுகு, சீந்தில், பொன்னாங்கண்ணி, ஆரை, சக்கரவர்த்திக்கீரை - எல்லாம் நம் வீட்டுக் கொல்லைகளும் வயல் வரப்புகளுமன்றோ! அவர்கள் கால்காசுந்தே என்று சொல்லும் செடியினத்தில் ஒன்றுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? பேயாவரை. இன்று சந்தையில் விற்கும் கலவையில் அந்தப் பழைய பதினான்கும் இருப்பதில்லை என்று மாஷி குறைப்பட்டுக்கொண்டார். பூசணி இலை, பாலக்கு, முளைக்கீரை என்று கையில் அகப்பட்டதையெல்லாம் போட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டிவிடுகிறார்களாம். அமெரிக்கர் அந்த இரவுக்குப் பூசணிக்காயைக் குடைந்து முகம் செய்கிறார்கள். வங்காளி பூசணியின் இலையை வதக்கித் தின்கிறான்.

இன்னொரு செய்தி. இந்தச் சதுர்த்தசி வேறெதுவுமன்று. நம் தீபாவளிச் சதுர்த்தசிதான். ஐப்பசித் தேய்பிறையின் அந்த ஒரே திதிக்கு முன்மாலையில் இவர்கள் முன்னோர்க்கு விளக்கு வைக்கிறார்கள். அது கழிந்த விடியலில் நாம் எண்ணெய் தேய்த்துக் குளித்து இலேகியம் விழுங்குகிறோம். 2024-இல் அக்டோபர் 30 மாலை இங்கே பதினான்கு விளக்கு. 31 விடியற்காலை தமிழ்நாட்டில் தீபாவளி. அன்றிரவு இங்கே காளி பூஜை. அதே இரவு மேனாட்டில் ஹாலோவீன். நவம்பர் 2-ஆம் நாள் கொல்கத்தாக் கிறிஸ்தவர்கள் கல்லறைத் தோட்டங்களில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். இறந்தோரை நினைக்க எல்லாரும் ஏறக்குறைய ஒரே பருவத்தைத் தேர்ந்துகொண்டது எப்படி என்பதை வரலாறு பயிலும் நண்பர்கள் ஆராயட்டும்.

வங்காளத்துப் பேய்களுள் எனக்கு மிகவும் பிடித்தது மேச்சோ பூத். மீனுக்கு ஆசைப்பட்ட பேய். இரவில் சந்தையிலிருந்து மீன் வாங்கிக்கொண்டு தனியே போகிறவனைத் தொடர்ந்து வந்து, மூக்கால் பேசி மீனைக் கேட்குமாம். இதைக் கேட்டவுடன் செஞ்சிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரும் ஆயாவும் நினைவுக்கு வந்தார்கள். அத்தை வீட்டுக்குக் கறிக்குழம்பு கொடுத்தனுப்பும்போது, தூக்கின் மேல் ஒரு கரித்துண்டும் வேப்பிலையும் வைக்காமல் ஆயா அனுப்பியதில்லை. "காத்துக் கருப்பு பின்னாடியே வரும்டா" என்பார். அன்று எனக்குக் கரித்துண்டுதான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது நினைத்தால், பேய் வருவது நம்மைத் தின்னவா? இல்லை, குழம்புக்குத்தான் வருகிறது! கங்கைக் கரையிலும் சங்கராபரணி ஆற்றங்கரையிலும் ஏழைகள் கற்பித்த பேய் ஒன்றே, அதற்குப் பசி.

எங்கள் ஊருக்கு அருகில் மேல்மலையனூர் இருக்கிறது. மாசி மாதத்தில் சிவராத்திரியை அடுத்து அங்கே மயானக் கொள்ளை நடக்கும். சிவன் கையில் பிரமனின் மண்டையோடு ஒட்டிக்கொண்டு, அவனுக்கு இடும் சோற்றையெல்லாம் தானே தின்றுவிட்டதாம். அங்காளம்மன் சுடுகாட்டில் சோற்றை வாரி இறைத்தாளாம். மண்டையோடு சோற்றாசையால் கையைவிட்டுக் கீழே இறங்கியதாம். அந்தக் கதையின் நினைவாக இன்றும் சுண்டலும் கிழங்கும் கொழுக்கட்டையும் சூறைவிடுகிறார்கள். மண்டையோட்டைச் சோற்றில் வரைந்து மகிழ்கிறோமே நாம், எங்கள் ஊரார் மண்டையோட்டுக்கே சோறு போட்டார்கள்.

ஹாலோவீனின் சொந்தக் கதையும் அத்தகையதே. பழைய இங்கிலாந்தில் ஏழைகள் அப்பருவத்தில் வீடு வீடாகப் போய், அவ்வீட்டில் இறந்தவர்களின் ஆன்மாவுக்காகச் செபம் சொல்லிச் சிறு ரொட்டி வாங்கித் தின்பார்கள். அயர்லாந்தில் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அந்நாட்டில் சுமார் 10 இலட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினர். அமெரிக்காவில் ஹாலோவீன் வேரூன்றியதில் அப்படிப் போன ஐரிஷ் மக்களுக்குப் பெரும் பங்குண்டு. பட்டினிக்கு ஓடியவர்கள் கொண்டுபோன பண்டிகை, இன்று நெகிழிச் சிலந்தியும் சாக்கலேட்டுமாக நமக்குத் திரும்பி வந்திருக்கிறது.

பேய் விருந்து என்றால் தமிழனுக்கு நினைவு வரவேண்டிய நூல் ஒன்றுண்டு, அது கலிங்கத்துப்பரணி. முதற் குலோத்துங்கன் காலத்தில் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற கதை. நாம் விடுமுறைக்குப் போகும்போது கோரமண்டல் வண்டி கடக்கிற அதே மண். போரைப் பாடியதில் எத்தனை திறமோ அத்தனையும் காட்டிப் பேய்களின் சமையலைப் பாடினார் சயங்கொண்டார். போர் முரசுதான் உரல். யானைத் தந்தம் உலக்கை. மாண்ட வீரர் பற்களே அரிசி. கூழ் சமைத்துப் பந்தி வைத்து உண்கின்றன பேய்கள். நம் அறிவிப்புப் பலகையிலுள்ள யோசனைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் அந்தப் பானையின் அடியைத் தொடா. ஆனால் பலரும் அந்தக் கூழை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு முன்னுள்ளதை மறந்துவிடுகிறார்கள். பேய்கள் முதலில் வருவது பசியோடு. வயிறு ஒட்டி, உடல் வற்றி, காளியின்முன் நின்று முறையிடுகின்றன. பேய் முறைப்பாடு என்று அதற்கென ஒரு பகுதியே உண்டு. கூழின் கோரத்தைப் பார்த்துச் சிரிக்கிற நாம் அந்த முறையீட்டையும் படித்துவிட்டுச் சிரிக்க வேண்டும்.

இந்நகரில் சத்யஜித் ராயும் 1969-இல் ஒரு பேய்க்கதை காட்டினார்: கூப்பி கைன், பாகா பைன். பேய்களின் அரசன் அந்த இரண்டு ஏழைப் பாட்டுக்காரர்களுக்குத் தருகிற முதல் வரம் என்ன? கைதட்டினால் உணவும் உடையும் வரும் என்பது. கதையின் முடிவில், பட்டினியாகப் போருக்குக் கிளம்பிய படையின்மேல் வானத்திலிருந்து இனிப்புப் பானைகள் இறங்குகின்றன, படைவீரர் ஆயுதத்தைப் போட்டுவிட்டுப் பானையை நோக்கி ஓடுகிறார்கள், போர் நின்றுவிடுகிறது. சயங்கொண்டாரிடம் போர் நடந்ததால் பேய்க்குச் சோறு கிடைத்தது. ராயிடம் பேய் சோறு கொடுத்ததால் போர் நின்றது. தமிழ்ப் பெருமை பேசுவதில் நான் யாருக்கும் பின்வாங்கியவனல்லன். எனினும் இந்த ஓரிடத்தில் என் வாக்கு ராய்க்குத்தான்.

நாம் நடக்கிற தெருக்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1943-இல் வங்கப் பஞ்சத்தின்போது நாட்டுப்புறத்திலிருந்து மக்கள் கொல்கத்தாவுக்கு நடந்து வந்தார்கள். அவர்கள் வாசல்தோறும் கேட்டது சோறன்று; சோறு வடித்த கஞ்சி. "பேன் தாவ்" என்ற அந்தக் குரலை மாஷியின் பாட்டி கேட்டிருக்கிறார். அரசு அமைத்த விசாரணைக் குழு மாண்டவர் 15 இலட்சம் என்றது. பிற்கால ஆய்வாளர் 30 இலட்சம் வரை சொல்கிறார்கள். சித்தப்பிரசாத்தும் ஜைனுல் ஆபிதீனும் அந்நாளில் தீட்டிய கோட்டோவியங்களைப் பார்த்தால், பரணியின் பேய்கள் நடைபாதையில் படுத்திருப்பதுபோலத் தோன்றும். அமர்த்தியா சென் அப்போது சாந்திநிகேதனில் பள்ளிச் சிறுவர். வாசலில் நிற்பவர்க்கு ஆளுக்கொரு சிகரெட் டப்பா அளவு அரிசி கொடுக்கலாம் என்று பாட்டனார் அனுமதித்ததை அவர் எழுதியிருக்கிறார். அந்த டப்பாவைக் காட்டிலும் அச்சமூட்டும் உணவுப் பொருள் எனக்குத் தெரியவில்லை.

இனி என் யோசனையைச் சொல்கிறேன். இவ்வாண்டு விருந்தில் உணவுக்குச் சாயம் பூச வேண்டா. கூழ் ஊற்றுவோம். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் வாசலில் ஊற்றுவோமே, அதே கேழ்வரகுக் கூழ். முதல்நாள் மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, மறுநாள் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் கரைத்தால் ஆயிற்று. 8 கிலோ மாவும் 4 கிலோ நொய்யும் 120 பேருக்குப் போதும் என்று அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொண்டேன். கேழ்வரகு லேக் மார்க்கெட்டில் கிடைக்கிறது. மோர்மிளகாயும் அங்கேயே கிடைக்கும். தொட்டுக்கொள்ளப் பதினான்கு கீரைப் பொரியல். அதை வங்காளி நண்பர்கள் தாளிக்கட்டும். பூசணிக்காயும் உண்டு. புதுவீட்டில் அரக்க முகம் எழுதித் தொங்கவிடும் திருஷ்டிப் பூசணி நம்மிடம் இருக்க, வேறு முகத்துக்கு எங்கே போவது? சதையைக் குடைந்து கூட்டுக்குக் கொடுத்துவிட்டு, ஓட்டில் எழுதிக்கொள்ளலாம்.

"இது விருந்தா, அன்னதானமா? பயம் எங்கே?" என்று குழுத்தலைவர் கேட்டார். நியாயமான கேள்விதான். விளக்கை அணைத்துப் பதினான்கு அகல் மட்டும் ஏற்றிவைத்து, பரணிப் பேய்களாக வேடமிட்டவர்கள் பரிமாறினால் பயம் தானே வரும். ஒரு திருத்தம்: சமயத்தையும் உடற்குறையையும் வைத்துச் சயங்கொண்டார் சில பேய்களை நையாண்டி செய்திருக்கிறார், அவற்றை விட்டுவிடுவோம். கனாக் கண்ட பேயும் விருந்து வந்த பேயும் நமக்குப் போதும். கொள்ளிவாய்ப் பிசாசு நம்முடையது. சதுப்பு நிலத்தில் மினுங்கும் ஆலேயா அவர்களுடையது. இரண்டும் ஒன்றா என்று கதை சொல்லிச் சண்டை போடலாம். வெண்தோசையைக் கிழித்துக் கண் வைத்தால் பேயாகிவிடும் என்று முதலாண்டு மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். அதையும் சேர்த்துக்கொள்ளலாம், தின்னக்கூடியதாக இருப்பதால்.

இரண்டாவது பானையை விடுதி வாயிலில் வைப்போம் என்பது என் வேண்டுகோள். அது மீந்ததாக இருக்கலாகாது. முதலில் கரைப்பதே அந்தப் பானையாக இருக்கட்டும். காவலாளிகள், ரிக்‌ஷாக்காரர், பாத்திரம் துலக்குவோர், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், யார் வந்தாலும் ஊற்றலாம். ரிக்‌ஷா இழுப்போரில் பலர் பீகாரிலிருந்து வந்தவர்கள்; மடுவா என்று கேழ்வரகை அறிந்தவர்கள்; நம்மைவிட நன்றாகவே குடிப்பார்கள். மன்றத்தின் பணம் உறுப்பினர்க்கே என்று விதி பேசுகிறவர்கள் இருந்தால், அந்தப் பானையின் செலவை நானும் என் அறைத்தோழனும் ஏற்றுக்கொள்கிறோம்.

இது வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வருகிறது. கண்விழி ரசகுல்லாக் கட்சியார் திரண்டு வருவார்கள் என்று கேள்வி, நீங்களும் வரவேண்டும். பெரிய பானை இரண்டுக்கு மாஷி ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். பேரனையும் அழைத்து வரச் சொன்னேன். முகமூடி போட்டவர்கள் பக்கத்தில் வரக்கூடாது என்ற நிபந்தனையின்பேரில் அவன் சம்மதித்திருக்கிறான். நீளக் காம்புள்ள அகப்பைதான் இன்னும் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் இரண்டாம் மாடி, படிக்கட்டுக்கு எதிரறையில் கொண்டுவந்து கொடுக்கவும்.